ஒன்றே கால் ஏக்கர் ஓய்வு

1

இந்தக் கதை ஒரு கேலியில் தொடங்கியது. கேலி என்னுடையது. இதை நடுவில் சொன்னால் உத்தி என்பீர்கள், கடைசியில் சொன்னால் திருப்பம் என்பீர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் சாலையில் ஒரு வயலில் தகரப் பலகை நட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் வயலில் பலகை முளைத்தால் அதில் என்ன இருக்கும் என்று படிக்காமலே சொல்லிவிடலாம்: ஏதாவது ஒரு நகரின் பெயர், சதுர அடி விலை, கைப்பேசி எண். இதில் எதுவும் இல்லை. வெள்ளைப் பெயின்டில், எழுதிப் பழகாத கையால் இப்படி இருந்தது: "இந்த நிலம் ஒரு வருஷம் ஓய்வில் இருக்கிறது. விற்பனைக்கு இல்லை."

வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, நான் வாரம் தவறாமல் எழுதும் அரைப் பக்கப் பத்திக்கு 'நிலத்துக்கு மெடிக்கல் லீவு' என்று தலைப்பு வைத்தேன். டாக்டர் சீட்டு யார் கொடுத்தார்கள், மண்புழுக்களுக்கும் லீவு உண்டா, லீவு முடிந்து நிலம் வேலைக்கு வராவிட்டால் மெமோ கொடுப்பார்களா என்றெல்லாம் கேட்டிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. நிறையப் பேர் படித்தார்கள். படிக்கக் கூடாத ஒரு ஆளும் படித்தாள்.

இப்போது அதே வயலைப் பற்றி முழுக் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தொடக்க வாக்கியம்தான் அமையமாட்டேன் என்கிறது.

முதல் முயற்சி: "அருள்தாஸ் ஓர் ஏழை விவசாயி." (அடித்துவிட்டேன். 'ஏழை விவசாயி' என்று எழுதிய உடனே பேனா தானாக அழத் தொடங்கிவிடுகிறது.)

இரண்டாவது: "கோடை வெயிலில் வெடித்துக் கிடந்த அந்த மண், ஒரு மூதாட்டியின் முகம் போல—" (மண்ணை மூதாட்டி ஆக்காமல் தமிழில் ஒரு வயலை வர்ணிக்கவே முடியாதா?)

மூன்றாவது: அருள்தாஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒன்றே கால் ஏக்கர், ஒரு கிணறு, ஒரு மோட்டார். மனைவி தேவயானி இறந்து நான்கு மாதம் ஆகிறது.

இது இருக்கட்டும்.

2

ஓய்வைப் பற்றிக் கொஞ்சம் கட்டுரை எழுதியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

அருள்தாஸ் கிறிஸ்தவர். காலனியின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஒரு சபை, முப்பது குடும்பம். அவர்களுடைய வேதத்தில் ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் நிறுத்தம் என்று இருக்கிறது. கடவுளே ஆறு நாளில் வேலையை முடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார் என்பதுதான் இதற்கு ஆதாரம். (என் பத்திரிகை ஆசிரியருக்கு இந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.) அதே கணக்கில் நிலத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. ஆறு வருஷம் விதை, ஏழாம் வருஷம் விட்டுவிடு. அந்த வருஷம் தானாக முளைப்பது ஏழைகளுக்கு; அவர்கள் மிச்சம் வைத்தது காட்டு ஜீவன்களுக்கு.

இந்தச் சட்டத்தை இன்றைய கிறிஸ்தவர்கள் கடைப்பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பாஸ்டரும் சொல்லவில்லை. அருள்தாஸாகவே போய், "நான் நெலத்த ஒரு வருஷம் வுட்டுடப் போறேன்" என்று சொன்னபோது அவர் திகைத்துத்தான் போயிருக்கிறார். அப்புறம் சுதாரித்துக்கொண்டு விழா எடுக்க முடிவு செய்தார். 'நில இளைப்பாறுதல் தொடக்க ஆராதனை.' பன்னிரண்டுக்கு எட்டு ஃபிளெக்ஸ், மைக் செட், செங்கல்பட்டிலிருந்து சிறப்பு விருந்தினர். ஒன்றும் செய்யாமல் இருப்பதைத் தொடங்கி வைக்க ஒரு விழா. அதற்குப் பந்தல் போட நாலு பேர், பிரியாணி கிண்ட ஆறு பேர்.

அருள்தாஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஈஸ்டர் முடிந்த வாரத்தில், கடைசி அறுப்பின் தாள் நின்றிருந்த வயலில், அவரே ஒரு தகரத்தில் எழுதி நட்டார்.

[இந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பு. ஏழாம் நாள் யார் யார் வேலை செய்யக் கூடாது என்று அந்தச் சட்டம் பட்டியல் போடுகிறது. நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன். இரண்டு தடவை படித்துவிட்டேன். மனைவி இல்லை.]

3

பத்தி வெளியான நாலாம் நாள் அருள்தாஸ் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, பதிலுக்கு இரண்டு வாக்கியம்கூடத் தயார் செய்துகொண்டேன்.

"சார், நீங்க எழ்தினதுல ஒண்ணு கேட்டுகிறீங்க" என்றார். "மண்புழுவுக்கும் லீவு உண்டான்னு."

"அது வந்துங்க, சும்மா ஒரு—"

"அதுக்கும் சேத்துதான் சார். மருந்து அடிச்சி அடிச்சி அது எங்க கீது? வந்தா வரட்டும்னுதான்."

என் இரண்டு வாக்கியங்களும் அப்படியே நின்றன. உட்காரச் சொன்னேன். காப்பி வேண்டாம் என்றார். உட்கார்ந்து வெகு நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாருக்கும் சொல்லாததை, அரைப் பக்கம் கேலி எழுதிய ஆளிடம் சொன்னார். ஏன் என்னிடம் சொன்னார் என்று நான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சரியாகப் புரிந்துகொண்டதாக நினைத்தவர்களிடம் சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கலாம்.

மோட்டார் போட்டு ஆறு வருஷம். வருஷத்துக்கு மூன்று போகம். பதினெட்டு நடவு. பதினெட்டிலும் தேவயானி வயலில் நின்றாள். கடைசி நடவு இந்த ஜனவரியில். மூன்று நாளாகக் காய்ச்சல். அன்று காலை அவள், "இன்னிக்கி நான் படுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். அருள்தாஸ், "கால் ஏக்கர்தான் பாக்கி, நட்டுட்டுப் படுத்துக்க" என்றார். நட்டாள். வாய்க்காலில் கை கழுவினாள். வரப்பில் படுத்தாள். நடவு செட்டுக்கு டீ வந்தபோது எழுப்பினார்கள். எழுந்திருக்கவில்லை.

(இதற்கு மேல் இந்தப் பத்தியில் ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். அழகாக இருந்தது.)

"அப்பால சபைல ஒருநாள் வாசிச்சாங்க சார். அந்தக் காலத்து ஜனம் நெலத்துக்கு ஓய்வே குடுக்கல. அவங்கள வேற தேசத்துக்கு ஓட்டிக்கினு பூட்டானுங்க. ஊரு காலி. அப்ப அந்த நெலம், அத்தன வருஷமா குடுக்காத ஓய்வ மொத்தமா எடுத்துக்கிச்சாம்." மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார். "நாம குடுக்கலன்னா அதுவே எடுத்துக்கும் சார். தேவயானி அப்டித்தான் எடுத்துக்கிச்சி."

ஒரு வருஷம் அந்த ஒன்றே கால் ஏக்கரில் ஒரு கையும் படக் கூடாது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அவள் கல்லறைக்கு முன்னால் நின்று கொடுத்த வாக்கு. அவர் கேட்டது அவ்வளவுதான்: இந்த ஒரு வருஷம் கெடாமல் போக வேண்டும்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த லிஸ்ட்டுல பொண்டாட்டி இல்ல சார். நானும் தேடிப் பாத்தேன்."

[பெயர்களை மாற்றி எழுதிக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறார். அருள்தாஸ் அவர் பெயரில்லை. தேவயானியும் இல்லை.]

4

கனகா என்ற பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

முதல் வரைவில் அவள் வெற்றிலைச் சிவப்பு வாயோடு, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, நடவுப் பாட்டு பாடிக்கொண்டிருந்தாள். கேட்டபோது, "பாட்டா? போன்ல ஸ்பீக்கர் போட்டுடுவோம் சார்" என்றாள். ஆகவே பாட்டை எடுத்துவிட்டேன். வெற்றிலையும் கிடையாது. நாற்பத்து மூன்று வயது. எட்டுப் பெண்கள் கொண்ட நடவு செட்டின் தலைவி. எந்த நாள் எந்த வயல் என்பதெல்லாம் அவள் போனில் இருக்கிறது. தேவயானியை அக்கா என்பாள். அதனால் அருள்தாஸ் மாமா. சபைக்குப் போகிறவள் இல்லை. அவளுக்கு அவள் சாமி.

பலகை நட்டதிலிருந்து அவளுக்குக் கோபம். வருஷத்துக்கு மூன்று நடவு, களை, அறுப்புக்குப் பின்னாலான வேலை எல்லாம் அந்த வயலில் எட்டுப் பேருக்கு இல்லை. "நெலத்துக்கு லீவு வுட்டாரு, சரி. எங்களுக்கு இன்னா வுட்டாரு?" என்று என்னிடம் கேட்டாள். இந்தக் கேள்வியை என் பத்தியில் நான் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் மண்புழுவோடு நின்றுவிட்டேன்.

கோபத்துக்கு மேல் இன்னொன்றும் இருந்தது. மே மாதத்தில் ஒருநாள், அருள்தாஸுக்குப் பக்கத்து வயல்காரர் ராஜாராமிடம் நடவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கனகாவின் மகள் கீர்த்தி போனில் வந்திருந்த என் பத்தியைச் சத்தமாகப் படித்திருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள். மெமோ கொடுப்பார்களா என்ற இடத்தில் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. கனகா சிரிக்கவில்லை.

"மாமாவால அந்த நெலத்துல கால் வெக்க முடியல. அதான் வேதத்து மேல பழியப் போட்டுக்கினு ஒக்காந்துகினு கீறாரு. ஊரு சிரிக்குது" என்றாள். "நாம நட்டுக் குடுத்துட்டா பயம் வுட்டுப் பூடும்."

கனகாவின் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டின் நிலம் அடுத்த நடவுக்குத் தவறினால், ஒரு நாள் கூலி வாங்காமல் போய் நட்டுவிட்டு வருவார்கள். அந்த வீட்டுக்காரரிடம் கேட்க மாட்டார்கள். கேட்டால் வேண்டாம் என்பார். துக்கத்தில் இருப்பவன் வேண்டாம் என்றுதான் சொல்வான், அதைக் காதில் வாங்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு.

அந்த வாரம் பாஸ்டர், அருள்தாஸைச் செங்கல்பட்டுக்கு மூன்று நாள் கன்வென்ஷனுக்கு அழைத்துப் போயிருந்தார். தன் அனுபவத்தை மேடையேறிச் சாட்சியாகச் சொல்ல. வெள்ளிக்கிழமை ராஜாராம் டிராக்டர் விட்டார். சனிக்கிழமை தன் கிணற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டுப் பாய்ச்சிச் சேறடித்தார். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பெண்களும் இறங்கினார்கள். வாரத்தில் அவர்களுக்கென்று இருப்பது அந்த ஒரு நாள்தான்.

5

ஞாயிறு மாலை நடந்ததை நான் பார்க்கவில்லை. அருள்தாஸ், கனகா, ராஜாராம் மூவரும் தனித்தனியே சொன்னதை ஒட்டுப் போட்டிருக்கிறேன். ஒட்டுத் தெரியும் இடங்களில் என்னைத் திட்டுங்கள்.

அருள்தாஸ் ஐந்தரை மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அக்குளில் பை. ஆயிரம் பேர் கைதட்டிய சாட்சியைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதில் நிலத்தைப் பற்றிச் சொன்னார். தேவயானியைப் பற்றிச் சொல்லவில்லை. சாலைத் திருப்பத்தில் நின்றார். வயல் பச்சையாக இருந்தது.

பெண்கள் வரப்பில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மாமா, அப்டியே நின்னுட்ட?" என்றாள் கனகா. "எப்டி கீது, சொல்லு."

டிராக்டர் மேலிருந்து ராஜாராம், "யோவ் அருளு, பயப்படாத. கூலி கேக்க மாட்டாளுங்க. ஓசி நடவு" என்றார்.

"யாரக் கேட்டு நட்டீங்க?"

"சாவு வூட்டு நெலத்துக்கு யாரக் கேப்பாங்க?"

"பலக நட்டு வெச்சிருந்தனே. படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"படிச்சோம். ஊரே படிச்சிது. பத்திரிகைல கூடப் படிச்சோம். எவனோ ஒருத்தன் உன்ன வெச்சி சிரிக்கறான் மாமா. அத்தப் பாத்துக்கினு சொம்மா கெடன்னு சொல்றியா?"

(அந்த எவனோ ஒருத்தன் அப்போது உத்திரமேரூரில் அடுத்த வாரப் பத்திக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தான்.)

அருள்தாஸ் பையை வரப்பில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டாமலே சேற்றில் இறங்கினார். குனிந்து ஒரு குத்து நாற்றைப் பிடுங்கினார். இன்னொன்று.

ராஜாராம் டிராக்டரிலிருந்து இறங்கிவிட்டார். "டேய், டேய்! டீசல் என்னுது, நாத்து என்னுது, தண்ணி என்னுது. உன்னுது இன்னாடா அதுல, கோவம் மட்டுந்தானா?"

"ராஜாராமண்ணா, நீ கம்முனு இரு" என்று சொல்லிவிட்டுக் கனகா சேற்றில் இறங்கி அவரெதிரே வந்து நின்றாள். "புடுங்கு மாமா. எல்லாத்தியும் புடுங்கு. இன்னாத்துக்குன்னு சொல்லிட்டுப் புடுங்கு."

அப்போதுதான் அவர் சொன்னார். காய்ச்சல். படுத்துக்கட்டுமா என்று கேட்டது. கால் ஏக்கர் பாக்கி என்றது. ஆயிரம் பேரிடம் சொல்லாததை எட்டுப் பெண்களிடமும் ஒரு டிராக்டர்காரரிடமும், கையில் நாற்றோடு, சேற்றில் நின்று சொன்னார்.

ராஜாராம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தெரியும்" என்றாள் கனகா.

"இன்னா தெரியும்?"

"ஜொரம்னு தெரியும். அன்னிக்கி அக்கா என் பக்கத்துலதான் நட்டுது. நாத்து கட்டு குடுக்கறப்ப கை பட்டுது. சுட்டுது." குரல் மாறவில்லை, வேகம்தான் குறைந்தது. "நானும்தான் சொன்னேன். இன்னும் நாலு மொழம்தான், வா அக்கான்னு."

அருள்தாஸ் அவளைப் பார்த்தார்.

"நீ உன் சாமிக்கு நெலத்த சொம்மாப் போட்ட. எனுக்கு அந்தச் சாமி இல்ல மாமா. நான் இன்னா பண்ணுவேன்? எனுக்கு நடத்தான் தெரியும்."

இந்த இடத்தில் அருள்தாஸ் ஏதாவது சொன்னாரா என்று மூவரையும் கேட்டேன். சொல்லவில்லை என்றார்கள். இதில் மட்டும் மூவரும் ஒத்துப்போனார்கள். பிடுங்கிய இரண்டு குத்தையும் திரும்ப நடவும் தெரியாமல், போடவும் தெரியாமல், கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

6

திங்கள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். பாஸ்டரும் வந்திருந்தார். நட்ட மூன்றாம் நாள் பாய்ச்சும் தண்ணீரை உயிர்த் தண்ணி என்பார்கள். இந்த வெயிலில் அது தவறினால் நாற்று பிடிக்காது, தீய்ந்துவிடும். ராஜாராம் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, அவர் வயலுக்கே போதவில்லை. ஏரி காய்ந்து கிடக்கிறது. மிச்சம் அருள்தாஸின் மோட்டார் ஒன்றுதான். நாளைக்கு மூன்றாம் நாள்.

பாஸ்டரைப் பற்றி ஒரு கேலி வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். அவருடைய கூலிங் கிளாஸ் சம்பந்தப்பட்டது. அன்று அவர் அதைப் போட்டுக்கொண்டு வரவில்லை.

"பாஸ்டர், தண்ணி வுடலாமா?" என்று கேட்டார் அருள்தாஸ்.

பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிரசங்கம் வரப்போகிறது என்று நான் சுவரில் சாய்ந்தேன். "ஆண்டவரோட சீஷர்கள் பசியில, ஓய்வுநாள்ல கதிரைக் கொய்து தின்னாங்க, பிரதர். தப்புன்னு சொன்னவங்ககிட்ட ஆண்டவர் என்ன சொன்னார்? நாள்தான் மனுஷனுக்காக. மனுஷன் நாளுக்காக இல்லை."

"செரி பாஸ்டர். மனுஷனுக்காகத்தான். தேவயானியும் மனுஷிதான?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாஸ்டர் மைக் இல்லாத குரலில் சொன்னார்: "எனக்குத் தெரியலை, பிரதர். ஞாயித்துக்கிழமை எனக்கு மூணு ஊர்ல ஆராதனை. ராத்திரி வந்து விழுந்தா என் சம்சாரம் கால் பிடிச்சு விடுவா. அவ அன்னிக்கு அறுபது பேருக்குச் சமைச்சிருப்பா. பதினாலு வருஷமா இளைப்பாறுதலைப் பத்திப் பிரசங்கம் பண்றேன். அது எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

அவரைப் பற்றி எழுதி வைத்திருந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

7

கதைக்கு முடிவு வேண்டும். திங்கள் இரவு உட்கார்ந்து நாலு முடிவு எழுதினேன்.

முடிவு அ. தண்ணீர் விடவில்லை. நாற்று காய்கிறது. வாக்கு காப்பாற்றப்படுகிறது. அடுத்த கன்வென்ஷனில் இன்னும் பெரிய கைதட்டல். ஆனால் நாற்றோடு சேர்ந்து எட்டுப் பெண்களின் ஞாயிற்றுக்கிழமையும் காய்கிறது. அவர்களுக்கு அது திரும்ப வராது.

முடிவு ஆ. தண்ணீர் விடுகிறார். பயிர் நிமிர்கிறது. மனிதநேயம் வெல்கிறது, என் ஆசிரியருக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இதன் பொருள் என்ன? 'இந்த ஒரு நடவு முடியட்டும், அப்புறம் படுத்துக்க' என்று அருள்தாஸ் தேவயானியிடம் இரண்டாம் தடவையாகச் சொல்கிறார்.

முடிவு இ. இதில்தான் எனக்குப் பெருமை. ஏழாம் வருஷத்தில் விளைவது ஏழைகளுக்கு என்று அதே சட்டம் சொல்கிறதல்லவா? தண்ணீரை விட்டுவிட்டு, விளைச்சல் முழுவதையும் கனகாவின் செட்டுக்கே கொடுத்துவிடட்டும். சட்டமும் நிற்கும், பயிரும் நிற்கும். செவ்வாய் விடிந்ததும் ஆர்வம் தாங்காமல் கனகாவுக்கே போன் போட்டுச் சொன்னேன்.

முழுவதும் கேட்டுவிட்டு, "களை யாரு எடுக்கறது சார்?" என்றாள்.

"ம்…"

"அறுப்பு? தூத்தறது? நாங்கதான? அது ஓய்வா சார்? அது எங்களுக்கு இன்னொரு கயனி." அப்புறம், "நாஷ்டா துன்னீங்களா? போய்த் துன்னுங்க" என்றாள்.

முடிவு ஈ. கோடை மழை. எழுத்தாளனுக்கு ஒரு வரி வேலை: 'மேற்கே மேகம் திரண்டது.' யாரும் மோட்டாரைத் தொட வேண்டாம், வானம் பார்த்துக்கொள்ளும். எழுதிய கையோடு அழித்துவிட்டேன். அன்று மானாம்பதியில் ஒரு துண்டு மேகம் இல்லை. எனக்கு வேண்டும் என்பதற்காக அங்கே மழை பெய்ய வைக்க எனக்கு உரிமையும் இல்லை.

8

செவ்வாய்க்கிழமை. த்ரீ ஃபேஸ் கரண்ட் ஒன்பது மணிக்கு வரும், பதினொன்றரைக்குப் போய்விடும். அதற்குள் விட்டால் உண்டு.

நான் போனபோது அருள்தாஸ் மோட்டார் ரூமின் படியில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டி. ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். வயலில் சேறு மேலே வெளுக்க ஆரம்பித்திருந்தது. நாற்றின் நுனிகள் சுருண்டிருந்தன. நான் இருப்பதை அவர் கவனித்தார்.

கொஞ்ச நேரத்தில் கனகா வந்தாள். வேலைக்குப் போகும் பழைய சட்டையை மேலே போட்டிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"வேலைக்குப் போல?" என்றார் அருள்தாஸ்.

"செட்ட அனுப்பிட்டேன். தாமல் பக்கம் நடவு. நான் போல."

"ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணியும் இல்ல. போல, அவ்ளோதான்."

"தண்ணி வுடச் சொல்லி வந்தியா?"

"இல்ல."

"வுட வேணாம்னு சொல்லவா?"

"அதுவும் இல்ல மாமா. உன்ன எதுவும் சொல்ல வர்ல." துண்டை அவிழ்த்து வரப்பில் விரித்து உட்கார்ந்தாள். "நட்டது நானு. வாடுதுன்னா நானும் பாக்கணும்ல."

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வயலில் ராஜாராம் மண்வெட்டியோடு வந்தார், எங்களைப் பார்த்தார், வாயைத் திறந்தார், பிறகு ஏனோ மூடிக்கொண்டு, சத்தம் வராமல் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். ராஜாராம் எதையும் சத்தமில்லாமல் செய்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஒன்பது அடித்து ஐந்து நிமிஷத்தில் ஸ்டார்ட்டர் மேலிருந்த விளக்கு எரிந்தது. மூன்று பேரும் பார்த்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை.

"சார், நீங்க சொல்லுங்க. நாலும் படிச்சவரு" என்றாள் கனகா.

முப்பது வருஷமாக எல்லாவற்றைப் பற்றியும் கருத்துச் சொல்லிப் பிழைக்கிறவன் நான். ஒரு வார்த்தை வரவில்லை.

அவள் அருள்தாஸ் பக்கம் திரும்பினாள். "அக்கா இருந்தா இன்னா சொல்லும் மாமா?"

அவர் யோசித்தார். மெய்யாகவே யோசித்தார், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பிறகு தலையை அசைத்தார்.

"தெர்ல கனகா. இருவத்தெட்டு வருஷம் அதுகிட்ட வேல சொல்லிக்கினே இருந்தேன். அதுக்கு இன்னா வேணும்னு எனுக்குத் தெர்ல."

கனகா விரித்த துண்டின் மேல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். வேப்பமர நிழல் அவள் முகத்தில் பாதியும் வரப்பில் பாதியுமாக விழுந்தது. ஒரு கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். ஒரு வேலை நாளில், பகல் ஒன்பதே காலுக்கு, நடவுக் காலத்தில்.

நான் இந்தக் கதையை இங்கே நிறுத்திவிட்டு எழுந்து போகிறேன். முடிவு என்னிடம் இல்லை. இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். கரண்ட் போக இன்னும் இரண்டே கால் மணி நேரம் இருக்கிறது. பச்சையோ சிவப்போ, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எந்த முடிவுக்கு வந்தாலும் சத்தம் போட்டுச் சொல்லாதீர்கள்.

அருள்தாஸ் இப்போது மோட்டாரைப் பார்க்கவில்லை, வயலையும் பார்க்கவில்லை. படியிலிருந்து இறங்கி வரப்பில் குந்தி உட்கார்ந்து, கனகாவின் தோளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அது மேலே எழுகிறது. இறங்குகிறது. மறுபடி எழும்வரை காத்திருக்கிறார்.